தடத்தில் நின்ற போன்

1

போன வியாழக்கிழமை காலையில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. இரண்டும் ஆற்றங்கரையில் படகுத்துறை கட்டுவதைப் பற்றியவை. ஒன்று, நான் வேண்டாம் என்று எதிர்த்த படகுத்துறை. அது வராது என்று முடிவாகிவிட்டது. இன்னொன்று, தாராளமாகக் கட்டுங்கள் என்று நான் சொன்ன படகுத்துறை. அதற்கு அனுமதி கிடைத்துப் பூமி பூஜையும் போட்டுவிட்டார்கள். இரண்டு நாட்டிலும் நான் சொன்னபடியே நடந்திருக்கிறது. வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதில்கூட என் பேச்சு இவ்வளவு எடுபட்டதில்லை. ஆனாலும் அன்று மதியம் டெப்போ கேண்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆற்றங்கரை ஊரில் இருக்கிறேன். பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போடுகிற வேலை. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எந்த வண்டி எந்த ஊருக்கு என்று கத்திக்கொண்டிருந்தவன், இங்கே எந்த டிரைவர் எந்த பஸ்ஸுக்கு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்து நான் அடைந்த முன்னேற்றம், குரல் தணிந்ததுதான்.

முதல் செய்தி இங்குள்ள கவுன்சிலின் மின்னஞ்சல். தங்கள் ஆட்சேபணை கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, நன்றி. இரண்டாவது, ஊரிலிருந்து என் பெரியப்பா மகன் குமரேசன் அண்ணன் வாட்ஸப்பில் அனுப்பிய படம். பூமி பூஜைக்கு வைத்த பிளக்ஸ். அதில் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறேன். கீழே ‘மண்ணின் மைந்தர் லண்டன் செல்வராஜ்’ என்று போட்டிருந்தார்கள். நான் இருக்கிற ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. மரியாதைக்கு ஆறு என்று சொல்கிறேன். காவிரிக் கரையில் பிறந்தவன் கண்ணுக்கு அது கொஞ்சம் பெரிய வாய்க்கால். அந்த ஆற்றோர நடைபாதையை வளைத்து, பணக்காரர்கள் படகு கட்டி வைக்க ஒரு துறை (இவர்கள் பேச்சில் மரீனா), ஓர் உணவகம், கார் நிறுத்த ஒரு மைதானம் என்று ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. விளக்குக் கம்பத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் அறிவிப்பு கட்டியிருந்தார்கள். மூன்று வாரம் நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். காணாமல் போன பூனைக்கான நோட்டீஸ் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மார்கரெட் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தெருக்காரர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். என் மனைவி தேவி முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டிக்காரி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஊரிலிருந்து வந்த கைமுறுக்கை எடுத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பறவைகளைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னுடைய கவலை எல்லாம் கார் நிறுத்துவது. சனி ஞாயிறுகளில் படகுக்காரர்களின் கார்கள் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டால் என் காரை எங்கே நிறுத்துவது? அதைச் சொன்னேன். நல்ல கருத்து என்றார் மார்கரெட். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினேழு வயது மகள் நிலாதான் என் ஆட்சேபணையைத் தட்டச்சு செய்து தந்தாள். நான் எழுதிய ஆங்கிலத்தை அவள் திருத்தும்போது முகத்தில் ஒரு பொறுமை தெரியும். என் அப்பாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது எனக்கு இருந்த அதே பொறுமை. கவுன்சில் கூட்டத்துக்கும் அவள்தான் கூட வந்தாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசையில் பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.

இங்கே இனிஷியல் செல்லாது. அதனால் அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஆபீசில் என்னைக் கூப்பிட்டாலும் என் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் தலைவர் “மிஸ்டர் முத்துசாமி” என்றார். எழுந்து நின்று, ஓர் ஊரின் பாதையை அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று பேசினேன். மஞ்சள் விளக்கு எரிவதற்குள் முடித்துவிட்டேன். கை தட்டினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கவுன்சில் கமிட்டிக்காரர்கள் முடிவெடுக்கும் முன் ஒருநாள் மழையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் ஆற்றோரப் பாதையை முழுக்க நடந்து பார்த்தார்கள். பாதையைப் பற்றிப் பேசுகிறவன் பாதையில் நிற்க வேண்டும் என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் எங்கள் பக்கம் அதற்கு முறையே உண்டு. அந்த முறையைத்தான் நான் கெடுத்தேன்.

3

பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் நடுவில், காவிரியை ஒட்டி எங்கள் பூமி இருக்கிறது. அப்பாவும் அவருடைய இரண்டு அண்ணன்களும் பிரித்துக்கொண்டது. தார் ரோட்டை ஒட்டியது பெரிய பெரியப்பாவுக்கு. இப்போது குமரேசன் அண்ணனுடையது. நடுவில் இருப்பது அப்பாவுக்கு வந்தது, இப்போது என்னுடையது. ஆற்றை ஒட்டிய கடைசித் துண்டு சின்ன பெரியப்பாவுக்குப் போய், அவர் மகனான இன்னொரு அண்ணன் இறந்த பிறகு அந்த அண்ணனின் மனைவி சரசுவிடம் இருக்கிறது. அதில் அவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். சரசுவை நான் இதிலும் அப்படியே சொல்கிறேன்.

ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும் மூன்று பூமியையும் ஒட்டிக்கொண்டு ஒரு வண்டி போகிற அகலத்தில் ஒரு பாதை. தடம் என்போம். அதைப் பிரிக்கவில்லை. மூன்று வீட்டுக்கும் பொது. நங்கை தன் பூமிக்குப் போக அதை விட்டால் வேறு வழி கிடையாது.

கொங்குப் பக்கம் கொலை வரைக்கும் போன சண்டைகளில் பாதி தடத்துச் சண்டை. அதனாலேயோ என்னவோ எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். தடத்தைப் பற்றிய எந்தப் பேச்சையும் வீட்டுக்குள் பேசக்கூடாது. எல்லாப் பங்காளிகளும் தடத்தில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். மூத்தவர் ஒவ்வொருவரிடமும் சம்மதமா என்று கேட்பார். ஒரே ஒருவர் வேண்டாம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஏன் என்று கேட்கக்கூடாது. பெரிய பெரியப்பா ஒருமுறை டிராக்டர் போகத் தடத்தை அகலப்படுத்த வேண்டும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மதியம் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

முறையில் இன்னொன்றும் இருந்தது. பெண்கள் தடத்துக்கு வரலாம், நிற்கலாம். அவர்கள் சொல் செல்லாது. ஒரு பங்காளி எடுத்துச் சொன்னால்தான் அது சொல். இதையெல்லாம் நான் ஒருகாலத்தில் இங்குள்ள நண்பர்களிடம் எங்கள் ஊர் ஜனநாயகம் என்று அளந்திருக்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவேன்.

4

எங்கள் இடத்துக்கு எதிரே காவிரியில் கதவணை கட்டிய பிறகு தண்ணீர் அகலமாகத் தேங்கி நிற்கிறது. அதில் படகு விடலாம், கரையில் விடுதி கட்டலாம் என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடி வைத்த ஆபீஸ். அவர்களுக்கு ஆற்றோரப் புறம்போக்கு கைக்கு வந்துவிட்டது. அங்கே போக வழிதான் இல்லை. வழி என்றால் எங்கள் தடம்.

குமரேசன் அண்ணன் போன் செய்தார்.

“ஏஞ் செல்வராசு, நல்லா இருக்கறயா? கம்பெனிக்காரங்க நம்ம தடத்தை அகலம் பண்ணித் தார் ரோடு போட்டுக் குடுக்கறங்கறாங்க. படகு, ஓட்டலு, எல்லாம் வருதாமா. நெம்பப் பெரிய ஆளுக.”

“நங்கை என்ன சொல்றாங்கண்ணா?”

“அவங்களுக்கென்ன? ரோடு வந்தா அவங்களுக்குந்தான நல்லது. வெத்தலைக் கூடையச் சேத்துல தூக்கிட்டு நடக்கறாங்க பாவம்.”

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. நங்கைக்கு ஒரு போன் போட்டுக் கேட்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. என் பூமிக்கான பவர் பத்திரம் ஏற்கெனவே அண்ணன் பெயரில் இருந்தது. வெளிநாட்டுக்காரன் எவன்தான் பவர் எழுதிக் கொடுக்காமல் இருக்கிறான். காகிதப்படி என்னைக் கேட்கவே தேவையில்லை. ஆனால் அண்ணன் ஒரு விஷயத்தில் பழைய ஆள். பங்காளி தடத்தில் நிற்காமல் தடத்தில் கை வைக்க மாட்டார். நான் ஊருக்கு வர இன்னும் ஆறு மாசம் ஆகும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீடியோ காலில் என்னைத் தடத்தில் நிறுத்திவிடலாம்.

அந்த யோசனையை நான் ரசித்தேன். தேவியிடம் சொல்லிச் சிரித்தேன். “போனை நிறுத்துனா நீங்க நின்னதா ஆயிருமா?” என்றாள் அவள். காலம் மாறிவிட்டது என்று பதில் சொன்னேன்.

குறித்த நாளில், இங்கே காலை எட்டரை மணி. டெப்போவில் இருந்தேன். ஒளிரும் மஞ்சள் சட்டை, காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். அங்கே மதியம். அண்ணன் போனை எல்லைக்கல் மேல் சாய்த்து வைத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதி வானம், ஒரு தென்னையின் தலை, அண்ணனின் வேட்டிக் கரை, கம்பெனிக்காரரின் ஷூ. அவர் மட்டும் ஷூவைக் கழற்றவில்லை.

“தம்பியும் தடத்துல நின்னாச்சு” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூத்தவராகக் கேட்கிறவர் அண்ணன்தான். முதலில் தன் வீட்டுச் சம்மதத்தைச் சொன்னார். நங்கைக்காக யாரும் நிற்கவில்லை. அவருக்கு ஒரே மகள், அவளும் கட்டிக் கொடுத்துப் போய்விட்டாள். அந்த வீட்டுச் சொல்லை எடுத்துச் சொல்லக்கூடிய பங்காளி அன்றைக்கு நான் ஒருவன்தான். என் முறை வந்தது. அப்போது போனுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் தள்ளி, நங்கையின் குரல் வந்தது.

“தம்பி, சித்த இருங்க. நா ஒண்ணு கேக்கோணும். ரோடு போட்டுப்போட்டுத் தடத்துக்குக் கதவு வெப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க சாமி. வெச்சாங்கன்னா நா எப்படி விடியால கொடிக்காலுக்குப் போறது?”

எனக்கு அது கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அதே நேரம் கண்ணாடிக்கு வெளியே ஒரு டிரைவர் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது நான் ஏன் கெடுக்க வேண்டும்? “அண்ணன் சொன்னாச் சரிங்” என்றேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அன்றைக்கு ஒரு பஸ்ஸும் தாமதமாகவில்லை. நான் என் வேலையில் கெட்டிக்காரன்.

5

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கப் போகிறது, வெளிநாட்டில் வாழும் நில உரிமையாளர் என்ற முறையில் ஒரு நிமிஷம் பேசி வீடியோ அனுப்ப முடியுமா, பின்னால் ஓர் ஆறு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

ஆறு இருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டேன். நிலாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் ஆறு, இரண்டு அன்னங்கள். இடது பக்கம் விளக்குக் கம்பத்தில் அந்த மஞ்சள் அறிவிப்பு. அது படத்தில் விழாமல் இருக்க அவளைக் கொஞ்சம் நகரச் சொன்னேன். ஆமாம், நகரச் சொன்னேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு மேடைத் தமிழில் பேசினேன். மேலை நாடுகளில் நதிக்கரைகள் எவ்வாறு பொலிவு பெற்றிருக்கின்றன, படகுத்துறைகளால் எத்தனை குடும்பங்கள் வாழ்வு பெற்றுள்ளன, நம் மண்ணும் அந்த நிலையை எட்ட வேண்டும் என்பதே என் போன்ற அயலகத் தமிழர்களின் கனவு. இப்படி. மகளுக்கு வீட்டுத் தமிழ் புரியும், சாப்பாடு, கோபம், உறவு வரைக்கும். பொலிவு, எட்டுதல், அயலகம் எல்லாம் அவளைத் தாண்டிப் போய்விடும். “நல்லா இருந்துச்சுப்பா, நியூஸ் மாதிரி” என்றாள்.

அதற்கு நான்காவது நாள் கவுன்சில் அரங்கில், அதே கோட்டில், என் மூன்று நிமிஷத்தைப் பேசினேன். கோட்டையாவது மாற்றியிருக்கலாம்.

கல்யாண மண்டபக் கூட்டத்தில் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்களாம். வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார்களாம். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லையாம். அண்ணன் போனில் சொன்னபோது, “உன்ற பேச்சுத்தான் ஐலைட்டு” என்றார். நான் அன்றைக்கு மகிழ்ச்சியாகத் தூங்கினேன். இதை மறைத்து எழுத முடியவில்லை.

6

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். பிளக்ஸ் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் முதலில் தன் முகத்தைத்தானே பார்ப்போம். பிறகு ஓரத்தில் பார்த்தேன். பிளக்ஸுக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு. அதில் ஒரு பலகை, காலை ஒன்பது மணி முதல் என்று நேரம் போட்டிருந்தது. கதவுக்கு வெளியே தரையில் இரண்டு மூங்கில் கூடைகள். கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் நங்கை.

வெற்றிலைக் கொடிக்கால் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அகத்தி மரத்தில் ஏற்றிவிட்ட கொடி அது. விடியும்போதே பறிக்க வேண்டும், இலை வாடாமல் அடுக்க வேண்டும், பரமத்தி வேலூர் சந்தையில் ஏலம் முடிவதற்குள் கொண்டு போய் இறக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கதவு திறந்தால் அதற்குப் பிறகு பறித்து அடுக்கிப் போவதற்குள் சந்தையில் நாய்தான் படுத்திருக்கும். செருப்பைக் கழற்றாமல் கொடிக்காலுக்குள் நுழைய மாட்டோம், அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற பயிர்.

அண்ணனை அழைத்தேன்.

“கதவு எப்பண்ணா வெச்சாங்க?”

“தடத்தை எழுதிக் குடுத்த மக்யா நாளே, ஒரு நாள்கூடத் தள்ளலை. பாதுகாப்புக்காம்ப்பா. பெரிய பெரிய கார் வரும்ல.”

“நங்கை எப்படிப் போறாங்க?”

“அவங்களுக்குப் பாஸ் குடுத்திருக்கறாங்க, போட்டாவெல்லாம் ஒட்டி. கழுத்துல மாட்டிக்கோணும். வெத்தலை பறிக்கற பொம்பளைகளுக்குத்தான் குடுக்க மாட்டங்கறாங்க. அதும் ஒம்போது மணிக்கு மேலதான்.”

“நங்கையும் கையெழுத்துப் போட்டாங்களா?”

“பங்காளிக எல்லாஞ் சரின்ன பொறகு அவங்க ஒருத்தி நின்னு என்ன பண்றது? போட்டுட்டாங்க.” பிறகு அவரே சொன்னார். “நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நா அந்த இடத்துலயே தூக்கிப் போட்டிருப்பேன் செல்வராசு. முறைன்னா முறை. நீதான் சரின்ன.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ரோட்டுக்கும் பிளக்ஸுக்கும் ஆசைப்பட்ட மனுஷன், ஆனால் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டிருப்பார். அவர் அப்பா என் அப்பாவுக்குக் கட்டுப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நிலா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி அந்த வீடியோவை ஆங்கில வரிகளோடு இணையத்தில் போட்டிருக்கிறது. அவளுடைய மாமன் மகள் அனுப்பியிருக்கிறாள்.

“அப்பா, இது நம்ம ரிவர்தான?”

“ஆமா கண்ணு.”

“இங்க நின்னுட்டு மரீனா வேணும்னு சொல்லியிருக்கீங்க. அந்த வீக்லயே கவுன்சில்ல வேண்டாம்னு சொன்னீங்க. அது நான் டைப் பண்ணது.”

“அது வேற ஊரு, இது வேற ஊரு.”

“எனக்குப் புரியாதுன்னுதான என்னை ஷூட் பண்ணக் கூட்டிட்டுப் போனீங்க?”

இல்லை என்று சொன்னேன். அப்படி யோசித்து அழைத்துப் போகவில்லை, அது நிஜம். ஆனால் அவளுக்குப் புரியவில்லை என்பது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது, அதுவும் நிஜம். பிள்ளைகள் தமிழை விட்டு விலகுகிறார்கள் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கண் கலங்கப் பேசுகிறவன் நான். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. கேட்டால் பதில் சொல்கிறாள், ஆங்கிலத்தில்.

7

செய்ய வேண்டியதைச் செய்து பார்த்தேன். பவரை ரத்து செய்யத் தூதரகப் பக்கமும் ஒரு வக்கீலிடமும் விசாரித்தேன். இனி எழுதப் போவதைத் தடுக்கலாம், எழுதி முடித்ததை ஒன்றும் செய்ய முடியாது என்றார் வக்கீல். கம்பெனிக்கு எழுதினேன். என் கருத்துக்கு நன்றி தெரிவித்து, திறப்பு விழாவுக்கு அழைப்பு அனுப்புவதாகப் பதில் வந்தது. கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. இங்கே எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்து, மழையில் வந்து பாதையை நடந்து பார்த்தார்கள். என் காரை நிறுத்தும் இடத்துக்காக அவ்வளவும் நடந்தது. அங்கே ஒரு பெண்ணின் சோற்றுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போய் மனுஷன் மாறிவிட்டான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரில் இருந்திருந்தாலும் ஷூ போட்டவன் முன்னால் நான் பல்லைத்தான் காட்டியிருப்பேன். வெளிநாடு எனக்கு ஒரு கோட்டை மட்டும் மாட்டிவிட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நங்கையை அழைத்தேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருந்தேன்.

“யாருங்க, தம்பிங்களா? லண்டன்ல குளுருங்களா சாமி? பாப்பா நல்லா இருக்குதுங்களா?”

எல்லோரும் நலம் என்றேன். கொடிக்கால் பற்றிக் கேட்டேன்.

“இந்தப் பருவத்தோட கொடியப் பிரிச்சுப் போட்டறலாம்னு இருக்கறனுங்க. அகத்திய ஆட்டுக்காரங்க கேட்டிருக்கறாங்க. காலைல கதவுகிட்டப் போயி உக்காந்தா அந்தக் காவக்காரப் பையனுந்தான் என்ன பண்ணுவான்? அவனுக்கு மேல இருக்கறவங்க சொன்னாத்தான தொறப்பான். மகளூட்டுக்குப் போயிரலாமான்னு ஒரு ரோசனை.”

“நங்கை, நான் வந்து பேசறனுங்க.”

“வாங்க சாமி, ஆனா இதுக்கோசரம் அலையாதீங்க. முடிஞ்சுபோச்சு.” பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னைக்கு நா தடத்துல நின்னு கேட்டது உங்குளுக்குக் காதுல விழுகலீங்கல்ல?”

தாள் கையில்தான் இருந்தது. தேவி எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப் படியில் நிலா நின்றிருந்தாள். அவளுக்கு இந்தத் தமிழ் நன்றாகப் புரியும்.

“இல்லீங்க நங்கை,” என்றேன். “சிக்னல் சரியில்லீங்க. ஒண்ணுமே கேக்கலை.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சங்கடத்தில் விட்டது இல்லை, நிம்மதியில் விட்டது. போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னார். “நாந்தான் அன்னைக்கிருந்து சொல்றனே, தம்பிக்குக் கேட்டிருக்காதுன்னு! கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்கும். அது அவங்கப்பனாட்ட.”

மாடியில் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. தேவி எழுந்து போய்விட்டாள். நங்கை இன்னும் கொஞ்ச நேரம் பேசினார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், வைத்துவிட்டார்.

நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நங்கைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், இரும்புக் கதவுக்கு வெளியே காலை ஒன்பது மணிக்குள் அவரைப் பார்க்கலாம். இவ்வளவையும் படித்துக் காட்ட வேண்டாம். இதையும் நான் ஆள் விட்டுத்தான் சொல்கிறேன், அதற்கும் சேர்த்துக் காறித் துப்புங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். தம்பிக்குக் கேட்டதாம்.